உச்சத்தில் இருந்த என்எம்இ ஏன் அச்சை நிறுத்தியது?

கேள்வி இதுதான்: "என்எம்இ என்ற பிரிட்டிஷ் ராக் இசை வார இதழ், 2016ல் தன் வரலாற்றிலேயே அதிகப் பிரதிகளை எட்டியது என்று ஓர் இடத்தில் படித்தேன். 2018ல் அச்சையே நிறுத்திவிட்டது என்று இன்னோர் இடத்தில் படித்தேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? இணையம்தான் அதைக் கொன்றதா? மறுபடி அச்சில் வந்ததாமே, அது அதே பத்திரிகைதானா?"

மூன்று கேள்விகள்போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒரு பத்திரிகை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைப் பிரதி எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியுமா? இருபது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைகளின் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். விற்காமல் திரும்பி வந்த கட்டுகளை எண்ணியே பாதி வாழ்நாள் போயிற்று. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முடியாது. என்எம்இ அலுவலகத்தில் நான் கால் வைத்ததில்லை. பழைய இதழ்கள், பிரதிகளை எண்ணிச் சரிபார்த்த தணிக்கை எண்கள், அங்கே எழுதியவர்கள் பின்னாளில் சொன்னவை, இவைதான் என் கையிருப்பு. எனவே கீழே வரும் ஆண்டுகளையும் எண்களையும் நம்பலாம். "இதனால்தான் இப்படி ஆனது" என்று நான் சொல்லும் இடங்களை ஒரு தொழில்காரனின் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்கள். 1964ன் முதல் பாதியில் என்எம்இயின் வாராந்திர சராசரி 3,06,881 பிரதிகள். பீட்டில்ஸ் பைத்தியம் பிடித்து நாடே ஆடிய நேரம் அது. 2016 தொடக்கத்தில் வெளியான தணிக்கை எண் 3,07,217. கழித்துப் பாருங்கள், வித்தியாசம் 336 பிரதிகள். அந்த 336ஐ வைத்துத்தான் "வரலாறு காணாத உச்சம்" என்ற தலைப்புச் செய்தி வந்தது. எண்ணில் பொய் கிடையாது. ஆனால் 1964ல் ஒவ்வொரு பிரதிக்கும் ஒருவர் கடைக்கு நடந்து போய்க் காசு கொடுத்தார். 2016ல் ரயில் நிலைய வாசலிலும் பல்கலைக்கழகங்களிலும் கடைகளிலும் சும்மா வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். 2015 செப்டம்பரில் பத்திரிகையை இலவசமாக்கிவிட்டார்கள். அதற்குச் சற்று முன்பு, காசுக்கு விற்றபோது, எண்ணிக்கை சுமார் 15,000க்கு இறங்கியிருந்தது. உண்மை நிலவரத்தைச் சொல்லும் எண் அந்தப் பதினைந்தாயிரம்தான்.

இந்த இடத்துக்கு எப்படி வந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, ஆரம்பத்தில் காசு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1952ல் லண்டனில் இசை நிகழ்ச்சிகள் நடத்திவந்த மாரிஸ் கின் என்பவர், மூடப்போகும் நிலையில் இருந்த 'அக்கார்டியன் டைம்ஸ் அண்ட் மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற பத்திரிகையை 1,000 பவுண்டுக்கு வாங்கினார். மூடுவதற்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது வாங்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். வாங்கியது நிஜம், பதினைந்து நிமிடம் கொஞ்சம் உப்புக்காரம் சேர்ந்ததாகவே எனக்குப் படுகிறது. பத்திரிகை உலகில் இந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்', சுருக்கமாக என்எம்இ, என்று பெயரை மாற்றி 1952 மார்ச் 7 அன்று முதல் இதழ் வந்தது. அப்போது ராக் என்ற சொல்லே அங்கே புழக்கத்தில் இல்லை. பெரிய நடன இசைக்குழுக்களின் காலம் அது.

அந்த ஆண்டு நவம்பரில் நடந்த காரியம்தான் என்எம்இயை நிலைநிறுத்தியது. விளம்பரப் பொறுப்பில் இருந்த பெர்சி டிக்கின்ஸ் ஒரு யோசனை செய்தார். அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகை எந்த இசைத்தட்டு அதிகம் விற்கிறது என்று பட்டியல் போடுகிறது. நாமும் போட்டால் என்ன? அதுவரை பிரிட்டனில் இசைக்குறிப்புத் தாள்களின் விற்பனைக்குத்தான் பட்டியல் இருந்தது. டிக்கின்ஸ் தொலைபேசியை எடுத்து, சுமார் இருபது கடைகளைக் கூப்பிட்டு, "இந்த வாரம் அதிகம் போனது எது?" என்று கேட்டார். பதில்களைக் கூட்டிப் போட்டார். நவம்பர் 14 இதழில் பிரிட்டனின் முதல் இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் அச்சானது. முதலிடம் பாடகர் அல் மார்ட்டினோவுக்கு. பட்டியலில் இடம் பன்னிரண்டு, ஆனால் பாட்டு பதினைந்து. சில பாட்டுகள் சமமாக வந்ததால் ஒரே இடத்தில் இரண்டு இரண்டாக வைத்துவிட்டார்கள். அரசாங்கக் கணக்கெடுப்பா என்ன, ஒரு மனிதர், ஒரு தொலைபேசி, ஒரு பென்சில்.

இது ஏதோ இசை ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். டிக்கின்ஸ் விளம்பர ஆள். பட்டியலில் தங்கள் தட்டு இருக்கிறதா என்று ரெக்கார்டு நிறுவனங்கள் வாராவாரம் பார்க்கும்; பார்க்கிற இடத்தில் விளம்பரமும் கொடுக்கும். கணக்கு அவ்வளவுதான். வாசகருக்கு வேறு எங்கும் கிடைக்காத தகவல், விளம்பரதாரருக்கு வேறு எங்கும் கிடைக்காத வாசகர். என்எம்இ என்ற கட்டிலுக்கு இந்த இரண்டும்தான் கால்கள் என்பது என் எண்ணம். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு ஏற்றத்தையும் இறக்கத்தையும் இந்தக் கால்களை வைத்தே விளக்கிவிடலாம்.

அறுபதுகளில் பிபிசி வானொலி ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்ற கட்டுப்பாட்டில் இருந்தது. இசைக் கலைஞர் சங்கமும் ரெக்கார்டு நிறுவனங்களும் சேர்ந்து வைத்திருந்த கடிவாளம் அது. பாப் இசை கேட்க வேண்டும் என்றால் லக்சம்பர்க் நிலையத்தைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் கடலில் கப்பலை நிறுத்தி ஒலிபரப்பிய திருட்டு வானொலிகளைக் கேட்க வேண்டும். இந்த வறட்சியில் வாரம் ஒருமுறை கையில் வரும் தாளுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். வாசகர் வாக்கெடுப்பில் வென்றவர்களை வைத்து வெம்பிளியில் ஆண்டுதோறும் கச்சேரி வைத்தார்கள். 1966 மே 1 அன்று நடந்த அந்தக் கச்சேரிதான் பிரிட்டனில் அறிவித்து நடத்தப்பட்ட மேடையில் பீட்டில்ஸ் கடைசியாக வாசித்தது. அந்த மூன்று லட்சம் இப்படி வந்ததுதான்.

பிறகு விழுந்தது. 1967ல் பிபிசி ரேடியோ 1 வந்தது. ராக் இசையும் மாறியது; மூன்று நிமிடப் பாட்டிலிருந்து முழு ஆல்பத்துக்குப் போனது. அதைக் கேட்கிற வாசகருக்கு எந்தப் பாடகருக்குப் பிடித்த நிறம் என்ன என்ற தகவல் தேவைப்படவில்லை. 1926லிருந்து வந்துகொண்டிருந்த 'மெலடி மேக்கர்' என்ற போட்டிப் பத்திரிகை இந்த மாற்றத்தை முதலில் மோப்பம் பிடித்தது. என்எம்இ பழைய நட்சத்திரப் பேட்டிகளையே சுற்றிக்கொண்டிருந்தது. 1972 தொடக்கத்தில் சுமார் 60,000. எட்டு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் பத்திரிகை ஐபிசி என்ற பெரிய குழுமத்தின் கைக்குப் போயிருந்தது. சீக்கிரம் தூக்கி நிறுத்து, இல்லையென்றால் மூடுகிறோம் என்று புதிய ஆசிரியர் ஆலன் ஸ்மித்திடம் சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஒருமுறைதான் எழுத்தே ஒரு பத்திரிகையைக் காப்பாற்றியதாக என்னால் துணிந்து சொல்ல முடிகிறது. ஸ்மித்தும் உதவி ஆசிரியர் நிக் லோகனும் மாற்றுப் பத்திரிகைகளிலிருந்து ஆட்களைப் பிடித்தார்கள். 'ஓஸ்' பத்திரிகையின் பள்ளி மாணவர் சிறப்பிதழில் பையனாக இருந்தபோது எழுதிய சார்லஸ் ஷார் மர்ரே வந்தார். அதே உலகத்திலிருந்து நிக் கென்ட் வந்தார். பாட்டைப் பற்றி எழுதுவது போய், பாட்டுக்காரனோடு சண்டை போடுவதுபோல எழுதினார்கள். பிரெட்டெண்டர்ஸ் குழுவைப் பின்னாளில் தொடங்கிய கிரிஸ்ஸி ஹைண்டும் கொஞ்ச காலம் அங்கே எழுதினார். ஓரிரு ஆண்டுகளில் மெலடி மேக்கரை முந்திவிட்டது. ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன்: அதே நேரத்தில் டேவிட் போவி, ரோக்ஸி மியூசிக் என்று கண்ணைப் பறிக்கிற ஆட்களும் வந்தார்கள். எழுத்து மட்டுமே தூக்கியதா, காலமும் கை கொடுத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே காலத்தில் போட்டிப் பத்திரிகைகளுக்கும் அதே போவிதானே இருந்தார்.

1976 கோடையில் ஒரு விளம்பரம் வந்தது. எழுத ஆள் தேவை. இளைஞராக, துப்பாக்கி ஏந்திய கௌபாய் மாதிரித் துணிச்சலோடு இருக்க வேண்டும் என்ற தொனி. வந்த விண்ணப்பங்கள் எத்தனை என்பது சொல்லும் ஆளைப் பொறுத்து மாறும். நிறைய வந்தது என்று வைத்துக்கொள்வோம். எடுத்தது இரண்டு பேரை. ஒருவர் ஜூலி பர்ச்சில், பதினேழு வயதை ஒட்டிய பெண். இன்னொருவர் டோனி பார்சன்ஸ், ஜின் காய்ச்சும் ஆலையில் வேலை பார்த்தவர். அதே ஆண்டு பிப்ரவரியில் நீல் ஸ்பென்சர், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பெயர் தெரியாத குழுவைப் பார்த்துவிட்டு வந்து சிறு விமர்சனம் எழுதியிருந்தார். அந்தக் குழுவோடு பங்க் என்ற கோபக்கார ராக் இசை வெடித்தபோது அதற்கு ஈடான கோபத்தோடு எழுத ஆள் தயாராக இருந்தது.

எண்பதுகள் விசித்திரமான காலம். ஒரு பக்கம் வாசகரோடு இருந்த நெருக்கம் உச்சத்தில். இதழில் வரும் கூப்பனை வெட்டிப் பணத்தோடு அனுப்பினால் ஒலிநாடா வீட்டுக்கு வரும். 1981ல் வந்தது 'சி81', 1986ல் வந்தது 'சி86'. பின்னதில் 22 குழுக்கள். அந்த நாடாவின் பெயரே கடைசியில் ஒரு வகை இசைக்குப் பெயராகிவிட்டது. பத்திரிகையோடு இலவச இணைப்பு கொடுத்து எத்தனையோ பார்த்திருக்கிறேன். இணைப்பின் பெயரில் ஓர் இசை வகை பிறந்ததை வேறு எங்கும் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம் கால் ஆட்டம் காண ஆரம்பித்தது. நிக் லோகன் வெளியே போய் 1978ல் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்', 1980ல் 'தி ஃபேஸ்' என்று இரண்டு தொடங்கினார். ஒன்று சின்னப் பிள்ளைகளை இழுத்தது, வழவழத் தாளும் வண்ணமுமாகப் பாட்டு வரிகளோடு. மற்றது உடை, நடை என்று பார்ப்பவர்களை இழுத்தது. 1986ல் 'க்யூ' மாத இதழ் வந்து, குறுந்தகடு வாங்கும் வயதும் வசதியும் உள்ளவர்களைக் கொண்டுபோனது. கையில் மை ஒட்டும் மலிவுத் தாளில் வந்துகொண்டிருந்த வார இதழ்களுக்கு 'இங்கீஸ்', அதாவது மைத்தாள்கள் என்றே பட்டப்பெயர். உள்ளே என்ன நடந்தது? கறுப்பினக் கலைஞர்களின் ஹிப்-ஹாப்பை அட்டையில் போடுவதா, கிடார் குழுக்களையா என்று ஆசிரியர் குழு இரண்டாகப் பிரிந்து நின்றது. 1985ல் தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக்கை அட்டையில் போட்டார்கள். கறுப்பினக் கலைஞர்கள் அட்டையில் வந்தால் விற்பனை குறையும் என்று அப்போது விற்பனைப் பக்கத்தில் சொல்லப்பட்டது. இப்படிப்பட்ட "விற்பனைப் பக்கத்து ஞானத்தை" நானே எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்து எண்களை வைத்துச் சட்டம் போடுவார்கள். நம்பாதீர்கள். ஆனால் அந்த நம்பிக்கையால் என்எம்இ கிடார் பக்கமே சாய்ந்தது, அதன் விலையைப் பிறகு கொடுத்தது.

உடனே இல்லை. தொண்ணூறுகளில் அந்தச் சாய்வே லாபமாகவும் இருந்தது. 1995 ஆகஸ்டில் பிளர், ஒயாசிஸ் இரண்டு குழுக்களும் ஒரே நாளில் பாட்டு வெளியிட்டபோது, என்எம்இ அதைக் குத்துச்சண்டைப் போட்டிச் சுவரொட்டிபோல அட்டையில் போட்டது. விற்ற தட்டுகள்: பிளர் 2,74,000, ஒயாசிஸ் 2,16,000. நாடு முழுக்க இதே பேச்சு. ஆனால் கவனியுங்கள், இதே செய்தி அன்று தினசரிகளிலும் மாலைத் தொலைக்காட்சிச் செய்தியிலும் வந்தது. வேறு எங்கும் கிடைக்காத தகவல் என்ற கால் அன்றே உளுத்துவிட்டது. வெளிப்பார்வைக்குப் பொற்காலம், கணக்குப் புத்தகத்தில் ஆரம்பித்த சரிவு, இரண்டும் ஒரே வாரத்தில். அறுபதுகளில் அந்த ஆட்டத்தைப் பின்தொடர என்எம்இ வாங்க வேண்டும். 1995ல் தேநீர் குடித்துக்கொண்டே டிவியில் பார்க்கலாம்.

எனவே இணையம்தான் கொன்றதா என்ற கேள்விக்கு என் பதில்: கொன்றது என்று சொல்ல மாட்டேன், மிச்சத்தை எடுத்தது. 'சவுண்ட்ஸ்', 'ரெக்கார்ட் மிரர்' என்ற போட்டி இசை வார இதழ்கள் இரண்டும் 1991லேயே நின்றுவிட்டன; வீடுகளில் இணையம் என்ற பேச்சே இல்லாத ஆண்டு. 2000 முடிவில் மெலடி மேக்கர் என்எம்இயோடு இணைக்கப்பட்டது. மூடியதற்கு மரியாதையான பெயர் அது. 2002ல் கனத்த ராக் பக்கம் இருந்த 'கெர்ராங்', என்எம்இயை விற்பனையில் முந்தியது. அதுவும் வார இதழ்தான், அதுவும் தாள்தான். இதெல்லாம் இணையத்தின் வேலை என்றால் கெர்ராங் எப்படி ஏறியது? தன் வாசகருக்கு வேறு எங்கும் கிடைக்காததை அது அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது. என்எம்இயின் சொந்த இணையதளமோ 1996லேயே வந்துவிட்டது. அந்த வகையில் அவர்கள் தூங்கவில்லை, முந்திக்கொண்டார்கள். ஆனால் அடுத்த கச்சேரி எங்கே, புது ஆல்பம் எப்படி என்பதை இலவசமாகத் திரையில் கொடுத்துக்கொண்டே, அதே செய்தியைத் தாளில் காசுக்கு விற்றார்கள். சொந்தக் கடைக்கு எதிரே தானே பந்தல் போட்டுத் தண்ணீர் ஊற்றின கதை.

இணையம் உண்மையில் அடித்த இடம், பலரும் கவனிக்காத கடைசிப் பக்கங்கள். கச்சேரி அறிவிப்புகள், சீட்டு விற்பனை, பழைய கிடார் விற்பனைக்கு, குழுவுக்கு ஆள் தேவை என்று சிறு எழுத்தில் நெருக்கியடித்த வரி விளம்பரங்கள். 1989ல் ஸ்வேட் குழு கிடார் வாசிக்க ஆள் தேடி என்எம்இயில்தான் விளம்பரம் கொடுத்தது. அதைப் பார்த்து வந்தவர் பெர்னார்ட் பட்லர். ஒரு பத்திரிகையின் ஆசிரியர் குழு இந்தப் பக்கங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விற்பனைப் பிரிவில் இருப்பவனுக்குத் தெரியும், அங்கிருந்துதான் ஒவ்வொரு வாரமும் தவறாமல் காசு வரும், அந்தப் பக்கத்துக்காகவே வாங்குகிற ஆளும் இருப்பார். சீட்டு விற்பனை இணையத்துக்குப் போனதும் அந்தப் பக்கங்கள் மெலிந்தன. ரெக்கார்டு நிறுவனங்களுக்கே வருமானம் குறைந்தபோது முழுப்பக்க விளம்பரமும் போயிற்று. இரண்டாவது காலும் முறிந்தது.

இலவசமாக்கியது தற்கொலையா என்று சிலர் கேட்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பதினைந்தாயிரம் பிரதியில் எந்த விளம்பரதாரரும் நின்று பேச மாட்டார். மூன்று லட்சம் என்றால் துணிக்கடை, சினிமா, கைபேசி நிறுவனங்கள் எட்டிப் பார்க்கும். இலவச முதல் இதழின் அட்டையில் பாப் பாடகி ரிஹானா. பழைய வாசகர்கள் முகம் சுளித்தார்கள். வேறு வழி இருந்ததா? ஆனால் இலவசப் பிரதியில் ஒரு கணக்கு உண்டு. விற்கும் பத்திரிகையில் ஒரு பிரதி கூடினால் கொஞ்சம் வரவு கூடும். இலவசத்தில் ஒரு பிரதி கூடினால் தாளும் அச்சும் வண்டியும் செலவுதான். அந்தச் செலவை விளம்பரம் மட்டுமே சுமக்க வேண்டும். அச்சு விளம்பரச் சந்தை சுருங்கியதும் மூன்று லட்சம் என்ற அதே எண் கழுத்தில் கட்டிய கல்லாகிவிட்டது. 2018 மார்ச் 9 இதழோடு வாராந்திர அச்சு நின்றது. உற்பத்திச் செலவு ஏறியது, விளம்பரம் கிடைக்கவில்லை என்று நிறுவனம் சொன்ன காரணம் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. பொதுவாக நிறுவனங்கள் சொல்லும் காரணங்களை நான் நம்புவதில்லை, இதை நம்புகிறேன்.

மூன்றாவது கேள்வி. 2019ல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் டெக்னாலஜிஸ் என்எம்இயை வாங்கியது. இசைக்கருவி, இசைச் செயலி என்று தொழில் செய்யும் நிறுவனம் அது. அப்புறம் 2023ல் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று, குறைந்த பிரதிகளோடு அச்சு இதழ் கொண்டுவந்தார்கள். பெயர் அதே, தொழில் வேறு. முந்தையது வியாழக்கிழமைக்குள் படித்து முடித்து மீன் சுற்றக் கொடுத்துவிடும் தாள். இது அலமாரியில் வைக்க வாங்கும் பொருள். வினைல் தட்டு மறுபடி விற்கிற அதே மனநிலையில் விற்பது. நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்தப் பழைய வார இதழின் தொடர்ச்சி என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

பழைய இதழ் ஒன்று எங்காவது கையில் சிக்கினால் அட்டையையும் பேட்டியையும் விட்டுவிட்டு முதலில் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். எழுபதுகளின் இதழ் ஒன்றையும் 2000க்குப் பின் வந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்து, கச்சேரி விளம்பரங்களும் வரி விளம்பரங்களும் எத்தனை பக்கம் என்று எண்ணினாலே, நான் இவ்வளவு நீட்டி எழுதியதில் பாதி தேவைப்பட்டிருக்காது.